சுவரில்லாத சிறையில் ஒரு தை மாதம்

ஜனவரி 4, சனி. ரயிலில்

நான் வேலை பார்க்கும் துண்டுக் கம்பெனியில் வருஷா வருஷம் டைரி கொடுப்பார்கள். இதுவரை நான் அதில் கோலம் போட்டுப் பார்த்ததோடு சரி. இந்த வருஷம்தான் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினேன். நீண்ட பயணம், பேச ஆள் இல்லை. எதிர் இருக்கையில் ஒரு குடும்பம் இந்தியில் பேசிக்கொண்டே வருகிறது. நடுநடுவே என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். நானும் சிரிக்கிறேன்.

எதற்குப் போகிறேன் என்பதை முதலில் எழுதிவிடுகிறேன். போன இடத்தில் எனக்கே மறந்துவிடக் கூடாது.

என் வீட்டுக்காரர் செங்கோட்டுவேல் ராஜஸ்தானில் சிறையில் இருக்கிறார். ஆறு வருஷம் ஆகிறது. திருச்செங்கோட்டிலிருந்து போர்வெல் போடும் வண்டியோடு போனவர். அங்கே வேலையிடத்தில் ஒரு ஆள் செத்துப்போனான். வண்டி மேலிருந்து வழுக்கி விழுந்தான் என்பது எங்கள் பக்கம். இவர் அடித்துத்தான் செத்தான் என்பது போலீஸ் பக்கம். கோர்ட் போலீஸ் பக்கத்தை நம்பியது. பத்து வருஷத் தண்டனை.

இரண்டு தடவை போய்ப் பார்த்திருக்கிறேன். கம்பி வலைக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவர், இரு பக்கமும் ஒரே கூச்சல். சாப்பிட்டீங்களா என்று கேட்டு, சாப்பிட்டேன் என்ற பதில் வந்து சேர்வதற்குள் நேரம் முடிந்துவிடும்.

போன ஐப்பசியில் அவரைத் திறந்தவெளிச் சிறைக்கு மாற்றியிருக்கிறார்கள். ஒழுங்காக இருந்தவர்களுக்கு அது. சுவர் கிடையாதாம். ஆளுக்கு ஒரு சின்ன வீடு. பகலில் ஊருக்குள் வேலைக்குப் போகலாம், பொழுதோடு திரும்பிவிட வேண்டும். பெண்டாட்டி பிள்ளைகள் கூடவே வந்து குடியிருக்கலாமாம்.

அண்ணன் கந்தசாமி இதைக் கேட்டதும் கிளம்பி வீட்டுக்கு வந்துவிட்டார். "நேர்ல பாத்து, இனிமே வரமாட்டேன்னு சொல்லிட்டு வந்துரு அம்மிணி. அதுக்குன்னாப் போ. அவனுக்கும் நல்லது, உனக்கும் நல்லது" என்றார். இந்த ஆறு வருஷமும் எனக்கும் ஓவியாவுக்கும் துணையாக நின்றவர் அவர். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. சரிங்ணா என்றேன்.

திரும்பும் டிக்கெட் 13ஆம் தேதிக்கு. ஒரு வாரம்தான். இரண்டு சேலை போதும் என்று நினைத்தேன். பெட்டி எப்படியோ நிறைந்துவிட்டது.

ஜனவரி 6, திங்கள். தேவ்ராசர்

பாலைவனம் என்றால் வெயில் என்று நினைத்து ஸ்வெட்டர் எடுத்துவரவில்லை. ரயிலை விட்டு இறங்கியதும் பல் கிட்டித்துப்போனது. பிளாட்பாரம் முழுக்கப் புகை மாதிரி பனி. போர்வை போர்த்திய ஆட்கள் எல்லாரும் ஒரே மாதிரி தெரிந்தார்கள். அதில் ஒருவர் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரமாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மீசை பாதி வெள்ளை. கிட்டே வந்த பிறகுதான் தெரிந்தது.

"வா" என்றார். அப்புறம், "குளுருதா?" என்றார். தன் மேல் இருந்த சால்வையை எடுத்துச் சைக்கிள் சீட்டின் மேல் வைத்தார். கையில் கொடுக்கவில்லை. நான் எடுத்துப் போர்த்திக்கொண்டேன்.

பெட்டியைக் கேரியரில் கட்டி உருட்டிக்கொண்டு வந்தார். ஸ்டேஷன் வரை வர அனுமதி வாங்கியிருந்தாராம். ஊர் முடிந்து மணல் தொடங்கும் இடம் வரை நடந்தோம். எங்களுக்கு நடுவில் சைக்கிள் மட்டும்தான்.

அது சிறை மாதிரியே இல்லை. முள்ளை வெட்டிப்போட்ட வேலி, பூட்டில்லாத கேட், வெயிலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் ஒரு காவலர். உள்ளே இரண்டு வரிசையாக ஒற்றை அறை வீடுகள். ஒரு வீட்டு முன்னால் ஆடு கட்டியிருக்கிறது. குழந்தைகள் யூனிபார்மில் பள்ளிக்கூடம் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். இவர்களில் யார் கைதி, யார் பார்க்க வந்த ஒறம்பரை என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

எனக்கு ஒரு மாதம் தங்க அனுமதி என்றார்கள். ஒரு வாரம் போதும் என்று சொல்ல இந்தி வரவில்லை.

அவர் அறையைக் கழுவி விட்டிருந்தார். ஈரம்கூடக் காயவில்லை. கட்டிலை எனக்கு விட்டுவிட்டுத் தரையில் படுக்கை போட்டுக்கொண்டார்.

ஜனவரி 7, செவ்வாய்

இன்று சொல்லவில்லை. வந்த மறுநாளே சொன்னால் நன்றாக இருக்காது.

காலையில் அவரே ரொட்டி சுட்டு, உருளைக்கிழங்கு வதக்கி வைத்துவிட்டு வேலைக்குப் போனார். டவுனில் தண்ணீர் மோட்டார் பழுது பார்க்கும் கடையில் வேலை. வீட்டில் ஒரு டம்ளர் நகர்த்தி வைக்காத மனுஷன். ரொட்டி வட்டமாக இருந்தது.

அவர் போன பின் பாத்திரங்களில் ஏறியிருந்த கரியைச் சாம்பல் போட்டுத் தேய்த்தேன். மத்தியானம் வரை ஆனது. ஒரு வாரத்துக்கு வந்த இடத்தில் எனக்கு இது தேவையில்லாத வேலை.

ஜனவரி 8, புதன்

பக்கத்து வீட்டில் சுக்னி, மூல்சந்த் என்று ஒரு ஜோடி. சுக்னிக்கு என் வயசு இருக்கும். காலையில் வந்து என்னை மேலும் கீழும் பார்த்தாள். உள்ளே போய் ஒரு கம்பளி ஜாக்கெட்டைக் கொண்டுவந்து, தானே என் கையைப் பிடித்து நுழைத்துப் பட்டனும் போட்டுவிட்டாள். அவள் பேசுவது எனக்குப் புரியவில்லை. நான் பேசுவது அவளுக்குப் புரியவில்லை. இருந்தும் வெயிலில் உட்கார்ந்து நேரம் போவது தெரியாமல் பேசிக்கொண்டிருந்தோம்.

மூல்சந்த் தள்ளுவண்டியில் காய் விற்கிறார். சாதுவான ஆள். என்ன செய்துவிட்டு இங்கே வந்தாரோ. அவருக்காக இந்தப் பெண் ஊரை விட்டு வந்து இந்த மணலில் கிடக்கிறாள். எல்லாருக்கும் அந்த மனசு வராது.

பொழுதோடு விசில் அடித்தார்கள். எல்லாரும் வேப்பமரத்தடிக்குப் போய் வரிசையில் நின்றார்கள். பெயர் கூப்பிடக் கூப்பிட, இருக்கிறேன் என்று சொல்ல வேண்டும். அவர் பெயரை அந்தக் காவலர் "சங்கட்வேல்" என்று கூப்பிட்டார். அவரும் இருக்கிறேன் என்றார். நான் வாசலில் நின்று பார்த்தேன். பார்த்திருக்க வேண்டாம்.

ஜனவரி 9, வியாழன்

இன்றும் சொல்லவில்லை. பனிமூட்டம்.

ஜனவரி 10, வெள்ளி

ஜன்னலுக்கு மறைப்பு இல்லை. கம்பெனித் துண்டு இரண்டு இருந்தது. சுக்னியிடம் ஊசி நூல் வாங்கி இரண்டையும் சேர்த்துத் தைத்து மாட்டினேன். போகிற வரைக்குமாவது ஒரு மறைப்பு வேண்டாமா.

அவர் வந்து பார்த்தார். சாப்பிடும்போது இரண்டு தடவை ஜன்னலைத் திரும்பிப் பார்த்தார்.

இங்கே வந்து இரு என்று அவர் இதுவரை கேட்கவில்லை. கேட்டால்தானே நான் சொல்ல முடியும்.

ஜனவரி 12, ஞாயிறு

என்ன நடந்ததோ அதை அப்படியே எழுதிவிடுகிறேன்.

ஓவியா நாமக்கல் பக்கத்தில் ஹாஸ்டலில் இருந்து பிளஸ் ஒன் படிக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் போன் பேச விடுவார்கள். காலையில் கூப்பிட்டாள். அப்பா எப்படி இருக்கிறார், ஒட்டகம் பார்த்தாயா என்றெல்லாம் கேட்டாள். அவரிடம் பேசுகிறாயா என்றேன். கூச்சமா இருக்குது, அடுத்த வாரம் என்றாள். அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து மாவு பிசைந்துகொண்டிருந்தார். போனை வைத்த பிறகு, பாப்பா என்ன படிக்கப் போகிறாளாம் என்று கேட்டார்.

வக்கீலுக்கு என்றேன். "உங்க கேஸ எடுத்து மறுபடி நடத்தோணுமாம். எங்கப்பா அடிக்கலன்னு நான் நிரூபிப்பேன்னு ஸ்கூல்ல எல்லார்த்துக்கிட்டயும் சொல்லி வெச்சிருக்கறா."

சந்தோஷப்படுவார் என்றுதான் சொன்னேன். அவர் மாவை அப்படியே விட்டுவிட்டு எழுந்து வெளியே போனார். ரொம்ப நேரம் கழித்து நான் தேடிப் போனேன். வீடுகளுக்குப் பின்னால் மணல் மேடு இருக்கிறது. அதில் உட்கார்ந்திருந்தார். கையில் காய்ந்த மாவு. நானும் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தேன்.

"சிந்தாமணி, அவன் வழுக்கி உழுகல" என்றார். "நாந்தான் அடிச்சேன்."

அவரே மேலே சொன்னார்.

"ரெண்டு நாளாத் தூக்கமில்ல. எத்தன ஆழம் போயும் தண்ணி வல்ல. அவன் நின்னபடியே கண்ணசந்துட்டான். பைப்பு நழுவிக் குழிக்குள்ள போயிருச்சு. மொதலாளி போன்ல கத்துனாரு. எங்கையில பைப்பு முறுக்கற ரெஞ்சு இருந்துச்சு. ஒரே அடிதான். உக்காந்தான். தண்ணி கேட்டான், குடுத்தேன். டவுனுக்குக் கொண்டுபோறதுக்குள்ள போயிட்டான்."

"கோர்ட்ல அடிக்கலைன்னு சொன்னீங்களே."

"வக்கீலு அப்பிடித்தான் சொல்லோணும்னாரு. சொன்னேன்."

"எங்கிட்டயாச்சும் சொல்லியிருக்கலாமில்ல?"

"வலைக்கு அந்தப் பக்கம் நின்னுட்டு இருந்த. சுத்தியும் அத்தன பேரு. எப்பிடிச் சொல்லட்டும்?" கையில் காய்ந்த மாவை உரித்துப் போட்டார். "நீயும் கேக்கல."

நான் கேட்கவில்லைதான். கேட்க எங்கே நேரம் இருந்தது.

குடித்திருந்தேன் என்று அவர் சொல்லவில்லை. அவன் முதலில் கை ஓங்கினான் என்று சொல்லவில்லை. ஏதாவது ஒன்று சொல்வார், அதைப் பிடித்துக்கொள்ளலாம் என்று நான் காத்திருந்தேன். அந்த ஆளின் பெயரை மட்டும் சொன்னார். ஆறு வருஷத்தில் எங்கள் வீட்டில் யாரும் அந்தப் பெயரைச் சொன்னதில்லை.

"பாப்பா இத நம்பிப் படிச்சிறக் கூடாது. அவகிட்டச் சொல்லீரோணும்" என்றார். அப்புறம், "நாளைக்கு உனக்கு டிக்கெட்டு இருக்குதல்ல, போயிரு. உங்கண்ணன் சொல்லித்தான் அனுப்பியிருப்பாரு. சரியாத்தான் சொல்லியிருப்பாரு" என்றார்.

ஆக, நான் சொல்ல வந்ததை அவரே சொல்லிவிட்டார். என் வேலை முடிந்தது.

ஜனவரி 13, திங்கள்

காலையிலேயே பெட்டியைக் கட்டிவிட்டேன். நீங்கள் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஆட்டோவில் ஸ்டேஷனுக்குப் போனேன். சுக்னி கேட் வரை வந்து என் கையில் ரொட்டிப் பொட்டலம் திணித்தாள். அழுதாள். அவளுக்கு என்ன தெரியும்.

ரயில் ரொம்பத் தாமதமாக வந்தது. வந்து நின்றபோது ஒரே கூட்டம். ஏற முடியவில்லை. முன்பதிவு செய்த பெட்டிதான், ஆனாலும் கூட்டம் கூட்டம்தானே. ரயில் போன பிறகு பெஞ்சில் உட்கார்ந்து ரொட்டியைச் சாப்பிட்டேன். அடுத்த டிக்கெட் எப்போது கிடைக்குமோ, அதுவரை ஸ்டேஷனில் கிடக்க முடியுமா. மார்க்கெட் வழியாகத் திரும்பினேன். அங்கே முருங்கைக்காய் பார்த்தேன். இந்த ஊரில் முருங்கைக்காய் இருக்கும் என்று நினைக்கவேயில்லை. வாங்கினேன்.

கேட்டுக்குள் நுழையும்போது விசில் அடித்து எல்லாரும் வரிசையில் நின்றிருந்தார்கள். சங்கட்வேல் என்று கூப்பிட்டார்கள். பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டார்கள். அவர் கேட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். பக்கத்தில் நின்ற மூல்சந்த் இடித்த பிறகுதான் இருக்கிறேன் என்றார். காவலர் திரும்பி என்னைப் பார்த்தார், என் கையிலிருந்த முருங்கைக்காயைப் பார்த்தார், சிரித்துவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிட்டார்.

நான் அவரோடு பேசவில்லை. தண்ணீர் வரும் நேரம் என்று குடத்தை எடுத்துக்கொண்டு குழாய்க்குப் போய்விட்டேன்.

ஜனவரி 14, செவ்வாய். பொங்கல்

நோம்பியன்றைக்கு அடுப்பைப் பற்றவைக்காமல் இருக்க முடியாது என்பதால் வாசலில் மூன்று கல் வைத்துப் பொங்கல் வைத்தேன். பச்சரிசியும் வெல்லமும் பெட்டியில் இருந்தன. பால் பொங்கி வழிந்தபோது குழந்தைகள் எல்லாம் அக்கறையாக ஓடிவந்து, பால் வழிகிறது, பால் வழிகிறது என்று என்னை எச்சரித்தார்கள். வழியத்தான் வேண்டும் என்று கையைக் காட்டினேன். நம்பவில்லை.

இவர்களுக்கும் இன்று சங்கராந்தி. எங்கு பார்த்தாலும் பட்டம். சுக்னி எள்ளுருண்டை கொண்டுவந்தாள். நான் பொங்கல் கொடுத்தேன்.

இன்றைக்குத்தான் ஒன்று தெரிந்தது. பண்டிகைக்காக அதிகாரி வந்ததால் காலையிலேயே வரிசையில் நிற்கச் சொன்னார்கள். சுக்னி முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு போய் நின்றாள். மூல்சந்த் வீட்டு வாசலில் உட்கார்ந்து கொத்தவரங்காய் ஆய்ந்துகொண்டிருந்தார். சாயங்காலமெல்லாம் பெண்டாட்டிக்குப் பதிலாகத்தான் வரிசையில் நிற்கிறாரா என்று ஒரு நிமிஷம் குழம்பிப்போனேன். அப்படியில்லை. வண்டி தள்ளிவிட்டு வந்து சும்மா அவள் பக்கத்தில் போய் நின்றுகொள்வாராம். காவலரும் கண்டுகொள்வதில்லையாம். பெயர் இருப்பது சுக்னிக்குத்தான். கைதி அவள்.

வீட்டுக்காரரிடம் கேட்டேன். நேற்றிலிருந்து பேசாதவள் இதற்காகப் பேசினேன். சுக்னி தன் கொழுந்தனை அரிவாளால் வெட்டிவிட்டாளாம். நிலத்தகராறு. மூல்சந்தின் சொந்தத் தம்பி அது.

மத்தியானம் மூல்சந்த் பொங்கலுக்கு நன்றி சொல்ல வந்தார். எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. தம்பியைக் கொன்றவளோடு எப்படி வந்து இருக்கிறீர்கள் என்று இவரைக் கேட்கச் சொன்னேன். இவர் தயங்கித் தயங்கி இந்தியில் கேட்டார். மூல்சந்த் கோபித்துக்கொள்ளவில்லை. தலைப்பாகையை எடுத்துத் தலையைச் சொறிந்துகொண்டு சொன்னதை இவர் எனக்குச் சொன்னார். இரண்டு வருஷம் ஊரிலேயே கோபமாக இருந்து பார்த்தாராம். நடுவில் அவருடைய நல்ல ஆடு ஒன்று செத்துப்போயிற்றாம். அதைச் சொல்லி வருத்தப்பட வீட்டில் ஆள் இல்லையாம். அதனால் கிளம்பி வந்துவிட்டாராம்.

இதெல்லாம் ஒரு காரணமா.

ஜனவரி 16, வியாழன்

சளி பிடித்து இருமுகிறார். பின்னே, இந்தக் குளிரில் தரையில் படுத்தால்? இனிமேல் தரையில் படுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கட்டில் சின்னதுதான். அதற்கு என்ன செய்வது.

ஜனவரி 19, ஞாயிறு

ஓவியாவிடம் தானே சொல்வதாக அவர் சொன்னார். நான்தான் வேண்டாம் என்றேன். அடிக்கவில்லை என்று ஆறு வருஷமாக அவளிடம் சொன்னவள் நான். அப்படியென்றால் நான்தான் மாற்றிச் சொல்ல வேண்டும்.

சொன்னேன். "கண்ணு, அப்பா அடிச்சது நெசம். வழுக்கி உழுந்தான்னு அம்மா சொன்னது நெசமில்ல" என்றேன். ஹாஸ்டலில் பின்னால் யாரோ சிரிக்கும் சத்தம் கேட்டது.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"போன ஞாயித்துக்கெழம."

"அதுக்கு முன்னாடி?"

தெரியாது என்றேன். கொஞ்சம் தாமதமாகச் சொன்னேன் போலிருக்கிறது. அவள் போனை வைத்துவிட்டாள்.

ஜனவரி 20, திங்கள்

ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. முருங்கைக்காய்ச் சாம்பார்.

ஜனவரி 23, வியாழன்

சுக்னி எனக்கு அப்பளம் இடக் கற்றுக்கொடுக்கிறாள். இங்கே பெண்கள் எல்லாரும் வீட்டிலேயே இட்டுக் கம்பெனிக்குக் கொடுக்கிறார்கள். கட்டிலைக் கவிழ்த்து, அதன் மேல் துணி விரித்துக் காயவைக்கிறார்கள். நான் இட்டது ஒன்றுகூட வட்டமாக வரவில்லை. சுக்னி ஒன்றை எடுத்து ஆட்டின் முகம் மாதிரி இருக்கிறது என்று காட்டிச் சிரித்தாள். மத்தியானத்துக்கு மேல் கொஞ்சம் பரவாயில்லை.

அண்ணன் கூப்பிட்டார். டிக்கெட் தேதி போய்ப் பத்து நாளாகிவிட்டதே என்று அவருக்குக் கவலை. சொல்லிவிட்டாயா என்று கேட்டார். இல்லை என்றேன். நடந்ததைச் சொன்னேன். இவர் அடித்ததுதான் உண்மை என்று சொன்னதும் ஆடிப்போவார் என்று நினைத்தேன்.

"எனக்குத் தெரியும் அம்மிணி" என்றார். "கோர்ட்ல அன்னிக்கு அவன் மொகத்தப் பாத்தப்பவே தெரியும். அதுக்குத்தான் வந்துருன்னு சொன்னேன். இப்பத் தெரிஞ்சும் அங்கயே இருக்கறயா?"

குளிர் கொஞ்சம் குறையட்டும்ங்ணா, இந்தக் குளிரில் ரயிலில் வர முடியாது என்றேன். அவர் சிரிக்கிறாரா, பெருமூச்சு விடுகிறாரா என்று தெரியவில்லை. நல்ல கம்பளி இருக்கிறதா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

ஜனவரி 26, ஞாயிறு

காலையில் கொடியேற்றினார்கள். கைதிகளும் குடும்பமும் காவலரும் எல்லாரும் ஒன்றாக நின்று பாடினோம். ஆளுக்கு ஒரு லட்டு.

போன் வரவில்லை. நானே ஹாஸ்டலுக்குக் கூப்பிட்டேன். ஓவியாவுக்குத் தலைவலி, படுத்திருக்கிறாள் என்றார் வார்டன் அம்மா. வீட்டுக்காரர் எதிரில் உட்கார்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தலைவலியாம் என்றேன். சரி என்றார். அப்புறம் மூல்சந்த் வீட்டுக் கூரை ஓட்டையை அடைக்கிறேன் என்று ஏணியில் ஏறிவிட்டார். ஓடு நன்றாகத்தான் இருந்தது.

அவளை இழந்துவிடுவோமோ என்று எனக்கு இன்றைக்குத்தான் பயம் வந்தது. சொல்லாமலே இருந்திருக்கலாமோ. ஆனால் அவள் கறுப்புக் கோட்டு மாட்டிக்கொண்டு கோர்ட்டில் போய் நின்று, எங்கப்பா அடிக்கவில்லை என்று சொல்வதை நினைத்துப் பார்த்தேன். சொன்னது சரிதான்.

ஜனவரி 29, புதன்

தங்குவதற்கான அனுமதியை நீட்டித்துக் கொடுத்துவிட்டார்கள். எதற்கும் இருக்கட்டும் என்று கேட்டு வைத்தேன். எத்தனை நாளைக்கு என்று கேட்டார்கள். அவர் என்னைப் பார்த்தார். எவ்வளவு கொடுப்பார்களோ அவ்வளவு என்றேன்.

அப்பளம் இப்போது வட்டமாக வருகிறது.

பிப்ரவரி 2, ஞாயிறு

காலையிலிருந்து போனைப் பார்க்கக் கூடாது என்று அப்பள மாவோடு உட்கார்ந்திருந்தேன். அடித்தது. எடுத்தேன். ஓவியா எனக்கு வணக்கமும் சொல்லவில்லை, நலமும் விசாரிக்கவில்லை.

"அப்பாகிட்டக் குடு" என்றாள்.

அவர் துணி துவைத்துக்கொண்டிருந்தார். கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு வாங்கினார். நான் அங்கே நிற்கவில்லை. சுக்னி வீட்டு வாசலில் போய் அப்பளத்தைத் திருப்பிப் போட்டேன். திருப்பியதையே மறுபடி திருப்பினேன். சுக்னி என் கையைப் பிடித்து நிறுத்தி, தன் பக்கத்தில் உட்காரவைத்தாள்.

திறந்த கதவு வழியாக அவர் தெரிந்தார். வேப்பமரத்தடியில் நிற்பது மாதிரி விறைப்பாக நின்று பேசிக்கொண்டிருந்தார். முதலில் தலையை மட்டும் ஆட்டினார், அவள் கண்ணுக்குத் தெரியும் என்பது போல. பிறகு ஏதோ சொன்னார். ரொம்ப நேரம் கேட்டார். நடுவில் சுவரில் சாய்ந்தார், அப்புறம் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

பேசி முடித்து வெளியே வந்து என் பக்கத்தில் குந்தினார். கண் சிவந்திருந்தது.

"அடிச்சீங்களான்னு கேட்டா. ஆமான்னேன். அவன் பேரென்னன்னா. சொன்னேன், மங்கல் ஒராவ்னு. ஊரு கேட்டா, ராஞ்சிக்கு அந்தப் பக்கம்னு சொன்னேன். அவனுக்குக் கொழந்த இருக்குதான்னா."

"இருக்குதுங்களா?"

"தெரியாதுன்னேன். ஆறு வருசத்துல அதக்கூட விசாரிக்கலயான்னு கேட்டா." ஒரு அப்பளத்தை எடுத்துத் திரும்பவும் வைத்தார். அப்புறம், "பரிச்ச முடிஞ்சு ஏப்ரல்ல வர்றாளாம். அதுக்குள்ள விசாரிச்சு வைங்கன்னு சொன்னா" என்றார்.

"வர்றாளாமா?"

"வர்றாளாம்" என்றார். மறுபடியும், "வர்றாளாம்" என்றார்.

சட்டம் படிப்பதை விடப் போவதில்லையாம். யாருக்காக வாதாடுவது என்பதை அப்புறம் பார்த்துக்கொள்கிறாளாம். என்னிடம் அவளுக்கு இன்னும் கோபம் இருக்கிறதாம், அதை நேரில் வந்து பேசுகிறாளாம். வரட்டும். நானும் பேச வேண்டியதைப் பேசுகிறேன். அதற்கு முன்னாடியே தெரியுமா என்று அவள் கேட்டாளே, அதற்கு ஒழுங்கான பதில் சொல்ல வேண்டும்.

சுக்னிக்கு ஒரு வார்த்தையும் புரிந்திருக்காது. அவளும் அழுதாள். அப்புறம் எங்கள் இரண்டு பேருக்கும் அப்பளம் சுட்டுக் கொடுத்தாள்.

பிப்ரவரி 3, திங்கள்

காலையில் வழக்கத்தை விடச் சீக்கிரம் வேலைக்குக் கிளம்பினார். கடை முதலாளிக்குத் தெரிந்த ஜார்க்கண்ட் மேஸ்திரி ஒருவர் கால்வாய் வேலையில் இருக்கிறாராம். அவரைப் பிடித்தால் மங்கலின் ஊருக்குப் பேசிவிடலாமாம். மங்கல் வீட்டில் இவரோடு பேசுவார்களா, என்ன சொல்வார்கள் என்று தெரியாது. திட்டினால் கேட்டுக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். சைக்கிளில் போகும்போது முதுகு நிமிர்ந்திருந்தது.

பத்து மணிக்கு மேல் வெயில் நன்றாக அடித்தது. குளிர் குறைந்துவிட்டது.

அண்ணனை நானே கூப்பிட்டேன். ஓவியா பேசியதைச் சொன்னேன். அவளை ஏப்ரலில் ரயில் ஏற்றிவிட முடியுமா என்று கேட்டேன். நானே கூட்டிக்கொண்டு வருகிறேன், எனக்கும் அவனிடம் கொஞ்சம் பேச வேண்டும் என்றார். அடுத்த வாரம் ஊரிலிருந்து போர் வண்டி ஒன்று இந்தப் பக்கம் வருகிறதாம். வீட்டிலிருந்து என்னென்ன வேண்டும், கொடுத்துவிடுகிறேன் என்றார். இட்லிப் பாத்திரம், என் துணிகள், ஓவியாவின் சின்ன வயசுப் போட்டோ என்று சொன்னேன்.

"ஒரே ரூம்புங்கற, பாப்பா வந்தா எங்க படுப்பா?" என்று கேட்டார்.

"பக்கத்துல எடம் இருக்குதுங்ணா. இங்க எல்லாரும் அவங்களே கட்டிக்கறாங்க. நாங்களும் செவுத்த ஒட்டிச் சின்னதா ஒரு சாய்ப்பு எறக்கிக்கறோம்."

அண்ணன் அதைத் திருப்பிச் சொல்லிப் பார்த்தார்.

"நாங்களும் எறக்கிக்கறோம்ங்கற" என்றார்.

"ஆமாங்ணா" என்றேன்.